தோட்டவெளிக் கதையும் கேதீச்சரக் கதையும்

மன்னார்த் தீவில் தலைமன்னார் வீதியோரம் தோட்டவெளி என்றொரு ஊர். அங்கே வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம் இருக்கிறது. தீவை விட்டுப் பாலம் கடந்து, தள்ளாடியில் யாழ்ப்பாண வீதிக்குத் திரும்பிச் சற்றுத் தூரம் போனால் மாந்தை. அந்தச் சந்தியிலிருந்து உள்ளே போனால் திருக்கேதீச்சரம். மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு இரண்டுக்கும் நடுவே பெரிய தூரமில்லை. இரண்டு இடத்துக்கும் ஒவ்வொரு கதை உண்டு. இரண்டும் 16ஆம் நூற்றாண்டில் நடந்த அழிவின் கதைகள். ஒன்றைக் கத்தோலிக்கர் சொல்வார்கள், மற்றதைச் சைவர் சொல்வார்கள். நண்பனைப் புண்படுத்த வேண்டும் என்று நினைத்து எவரும் சொல்வதில்லை. ஆனாலும் கேட்கிற நண்பனுக்குச் சுருக்கென்று தைக்கிறது. சொன்னவருக்கு அது தெரிவதுகூட இல்லை. மன்னாரில் சமயப் பேச்சு நட்பைக் காயப்படுத்தும் இடம் எது என்று அறிய, இந்த இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வாய் தவறுவது என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருபவை வேறு. தபசுகாலத்து வெள்ளிக்கிழமை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் அறையில் கத்தோலிக்க ஆசிரியர் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்கிறார். சுத்தபோசன நாள், இறைச்சி இல்லை, மீன் குழம்பும் சோறும். பக்கத்து மேசையில் இருப்பவர் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமுமாக இருக்கிற சைவர். "மீனும் சாப்பிட்டுக்கொண்டு இதென்ன சேர் விரதம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடுகிறார். கேள்வியில் ஏளனம் இல்லை. அவருக்குத் தெரிந்த விரதம் அப்படி. ஆனால் கேட்டவருக்கு அது தன் நோன்பை ஒரு பொருட்டாகவே மதிக்காத கேள்வியாகப் படுகிறது. பார்சலை அரைவாசியில் சுற்றி வைத்துவிட்டுக் கை கழுவப் போகிறார்.

அன்பினால் வருகிற தவறும் உண்டு. "மடு மாதாவும் எங்கட அம்மாள்தானே" என்று சைவர் சொல்வது வெறும் உபசாரம் அல்ல. மடுத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள், பாம்புக்கடிக்கு மருந்தென்று மடு மண்ணை வீட்டில் முடிந்து வைத்திருப்பவர்கள் சைவர்களிலும் இருக்கிறார்கள். ஆனால் கத்தோலிக்கருக்கு மாதா தெய்வம் அல்ல, இறைவனின் தாய். அந்த வேறுபாட்டில்தான் அவருடைய விசுவாசமே நிற்கிறது. மறுத்தால் நண்பனின் அன்பை மறுத்ததாகிவிடும். ஒத்துக்கொண்டால் தன் வேதத்துக்கு மாறாகிவிடும். அவர் தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார். கோயிலில் படைத்த வடையை நீட்டும்போது முஸ்லிம் நண்பர் "வேண்டாம்" என்று சொல்ல நேர்கிற சங்கடமும் இப்படிப்பட்டதே.

இந்த நோவுகள் பெரும்பாலும் ஆறிவிடும். ஏன் மீன் சாப்பிடலாம், ஏன் இறைச்சி கூடாது என்று விளக்கினால் "அப்படியா, எனக்குத் தெரியாது" என்று முடிந்துபோகும். நீ என்ன செய்கிறாய் என்பது பற்றிய பேச்சு அது. அறியாமை நீங்கினால் குறையும் நீங்கும். உன் ஆக்கள் யார், அவர்கள் என்ன செய்தார்கள் என்று பேச்சு திரும்பும்போதுதான் நோவு ஆறாமல் நின்றுவிடுகிறது. அங்கே அறியாமை காரணம் அல்ல. இரண்டு பேருக்கும் கதை தெரியும். ஆளுக்கொரு கதை தெரியும்.

தோட்டவெளிக் கதை இது. 1544ஆம் ஆண்டு. முத்துக்குளித்துறைக் கரையில் பிரான்சிஸ் சவேரியார் பரதவரிடையே பணி செய்துகொண்டிருந்தார். மன்னார்த் தீவிலிருந்து அவரை அழைத்துச் செய்தி போனது. அவரால் வரமுடியவில்லை; வேறொரு குருவை அனுப்பினார். அந்தக் குருவிடம் தீவு மக்கள் பலர் திருமுழுக்குப் பெற்றார்கள். அப்போது மன்னார் யாழ்ப்பாண அரசின் கீழ் இருந்தது. அரசன் முதலாம் சங்கிலி படையோடு வந்தான். வேதத்தை விட மறுத்தவர்கள் வெட்டுண்டார்கள். 600 பேருக்குக் குறையாது என்பது திருச்சபை மரபு. அடுத்த ஆண்டு சவேரியார் எழுதிய கடிதத்திலும் இந்தக் கொலைகள் பற்றிய குறிப்பு இருக்கிறது. பட்டிம் என்று பழைய நூல்கள் சொல்லும் இடத்தைத் தோட்டவெளியோடு சேர்த்தே மன்னார்க் கத்தோலிக்கர் நினைக்கிறார்கள்.

கேதீச்சரக் கதை பிறகு நடந்தது. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் இடிக்கப்பட்டது. கோயில் கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்பது சைவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது. மாந்தை காடாகிப்போனது. 1872இல் ஆறுமுக நாவலர் அந்த இடத்தை மீட்டெடுக்க வேண்டும் என்று சைவர்களிடம் கேட்டார். 1890களில் காணி வாங்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறு கோயில் எழும்பியது. சேர் கந்தையா வைத்தியநாதனின் முயற்சியால் அது பெருங்கோயிலாக வளர்ந்தது. போர்க்காலத்தில் மீண்டும் அடைபட்டுக் கிடந்தது. இந்திய அரசின் உதவியோடு நடந்த திருப்பணிக்குப் பிறகு 2022 ஜூலை 6ஆம் திகதி கும்பாபிஷேகம் நடந்தது.

இப்போது இவை நண்பர்களுக்கிடையே எப்படிச் சொல்லப்படுகின்றன என்று பார்ப்போம்.

திருவிழாவுக்குச் சைவ நண்பனை அழைத்துவந்த கத்தோலிக்கர், ஆலயத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டே சொல்கிறார்: "இஞ்சதான் சங்கிலி எங்கட ஆக்களை வெட்டினவன். வேதத்தை விடுங்கோ எண்டு கேட்டவன். ஒருத்தரும் விடேல்லை." அவருடைய மனதில் அப்போது இருப்பது பெருமையும் துக்கமும். தன் முன்னோர் சாவுக்கு அஞ்சவில்லை என்பதை நண்பனுக்குச் சொல்ல ஆசைப்படுகிறார். நண்பனுக்கோ சங்கிலி என்பது வேறு பெயர். நல்லூரில் சிலையாக நிற்கிற பெயர். அந்நியனுக்குத் தலைவணங்காத தமிழரசின் பெயர். உண்மையில் அந்தப் பெயரில் இரண்டு அரசர்கள். 1619இல் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டுக் கோவாவில் உயிர்விட்டவன் 1544இல் மன்னாருக்கு வந்தவன் அல்லன். ஆனால் பேச்சுவழக்கில் இருவரும் ஒருவராகிவிடுவார்கள். ஆகவே நண்பன் காதில் விழுவது, "நீ கும்பிடுகிற வீரன் கொலைகாரன்" என்று. அவன் கோயிலைப் பார்த்தபடி "ம்" என்கிறான்.

இனி சிவராத்திரி. கத்தோலிக்க நண்பன் துணைக்குப் போகிறான். அடியார்கள் கேதீச்சரத்தின் தீர்த்தமான பாலாவியில் இறங்கிச் செம்பிலும் குடத்திலும் தீர்த்தம் மொண்டு, ஈர உடையோடு வரிசையில் நின்று, மகாலிங்கத்துக்குத் தங்கள் கையாலேயே வார்க்கிறார்கள். ஐயரின் கையை எதிர்பாராமல் எவரும் லிங்கத்துக்கு நீர் வார்க்கலாம் என்பதில் கேதீச்சரத்துச் சைவருக்குத் தனி நெகிழ்ச்சி உண்டு. அந்த நெகிழ்ச்சியில் அவர் சொல்கிறார்: "எவ்வளவு பெரிய கோயில் தெரியுமே இது? பறங்கி இடிச்சுக் கல்லையெல்லாம் கோட்டைக்குக் கொண்டுபோட்டான்." அவர் குற்றம் சாட்டுவது 400 வருடத்துக்கும் முன் கப்பலில் வந்த போர்த்துக்கேயனை. ஆனால் பக்கத்தில் நிற்கிறவனின் அடையாள அட்டையில் குரூஸ் என்றோ டயஸ் என்றோ பீரிஸ் என்றோ பெயர் இருக்கிறது. அதே கப்பலில் வந்த பெயர். அவன் செபம் சொல்லும் வேதமும் அதே கப்பலில் வந்ததென்று எத்தனையோ பேர் முகத்துக்கு நேரே சொல்லக் கேட்டு வளர்ந்தவன் அவன். அவன் காதில் விழுவது, "நீ இந்த மண்ணுக்குப் பிறகு வந்தவன்" என்று.

இரண்டு காயமும் ஒன்றுதான் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. தோட்டவெளியில் போனவை உயிர்கள். மாந்தையில் போனது கோயில். கோயிலை மறுபடி கட்டலாம், கட்டியிருக்கிறார்கள், தேர் ஓடுகிறது, பாலாவியில் தண்ணீர் இருக்கிறது. வெட்டுண்டவர்களின் பெயர்கள்கூட நம்மிடம் இல்லை. இந்த வகையில் பார்த்தால் தோட்டவெளியின் இழப்புப் பெரிது. ஆனால் தோட்டவெளிக் கதை சொல்கிறவருக்கு ஒரு வெற்றியையும் தருகிறது: செத்தவர்கள் தோற்கவில்லை, வேதசாட்சிகள் ஆனார்கள். கேதீச்சரத்துச் சைவருக்கு அந்த ஆறுதல் இல்லை. இடிந்த கோயிலுக்கு முடிசூட்டும் மரபு சைவத்தில் கிடையாது. இடிந்தது இடிந்ததுதான். முந்நூறு வருடம் பூசையில்லாமல் கிடந்தது என்ற அவமானம்தான் அவருக்கு மிச்சம். அதனால்தான் கேதீச்சரக் கதையில் கோபம் சற்றுத் தூக்கலாகவும் தோட்டவெளிக் கதையில் பெருமை சற்றுத் தூக்கலாகவும் கேட்கிறது. கேட்கும் நண்பருக்கு இந்த இரண்டும் வேறு வேறு விதமாக உறுத்துகின்றன. பெருமையைக் கேட்டால் தன்னைச் சிறுமைப்படுத்துவதாகத் தோன்றும். கோபத்தைக் கேட்டால் தன்னை வெளியே போகச் சொல்வதாகத் தோன்றும்.

இன்னொரு வேறுபாடு இதைவிடக் கூர்மையானது. தோட்டவெளியில் வெட்டியவன் தமிழன், வெட்டுண்டவனும் தமிழன். கேதீச்சரத்தில் இடித்தவன் அந்நியன். ஆகவே சைவரால் தன் கதையைச் சொல்லும்போது, "உன்னைச் சொல்லவில்லை, பறங்கியைத்தான் சொல்கிறேன்" என்று தப்பிக்கொள்ள முடிகிறது. உண்மையாகவே அவர் அப்படித்தான் நினைக்கிறார். கத்தோலிக்கருக்கு அந்த வசதி இல்லை. சங்கிலியை அந்நியன் என்று அவர் சொல்ல முடியாது. தமிழரசன் என்று எல்லாருடனும் சேர்ந்து அவரும் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அதனால் சைவர் தன் கதையைப் பயமின்றிச் சத்தமாகச் சொல்கிறார். கத்தோலிக்கர் தன் கதையைத் தன் ஆட்களுக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறார். வெளியே சொல்ல வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். எண்ணிக்கையைப் பார்த்தால் நேர்மாறாக இருக்க வேண்டும். மன்னார் மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கத்தோலிக்கர். ஆனால் வடக்கு முழுவதையும் எடுத்தால் சைவரே பெரும்பான்மை. ஆகவே மன்னாரில் இருவருமே தங்களைச் சிறுபான்மை என்று உணரமுடிகிறது. இருவருக்குமே அதற்கு நியாயம் இருக்கிறது. சிறுபான்மை என்று உணர்கிறவர் தன் சொல் பிறரை நோகச் செய்யும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நோவது தான்தான் என்றே அவர் பழகியிருக்கிறார்.

வரலாறு படித்தவர்கள் இந்த இடத்தில் காரணம் சொல்ல வருவார்கள். காரணம் இருக்கத்தான் செய்கிறது. 1530களில் எதிர்க்கரைப் பரதவர்கள் திருமுழுக்குப் பெற்றபோது போர்த்துக்கேயரின் பாதுகாப்பும் கூடவே வந்தது. முத்துக்குளிப்பின் பிடி மெல்ல அவர்கள் கைக்குப் போனது. 1543இல் போர்த்துக்கேயக் கப்பற்படை சங்கிலியை மிரட்டித் திறை கட்டச் சம்மதிக்க வைத்தது. மறுவருடமே தன் தீவில் ஒரு கூட்டம் அவர்களுடைய வேதத்தில் சேர்ந்தது என்ற செய்தி அரசனுக்குப் போயிருக்கிறது. முத்து போய்விடும், மன்னார் போய்விடும் என்று அவன் அஞ்சியதில் வியப்பில்லை. பதினாறு வருடத்தில் மன்னார் போகவும் செய்தது. இதெல்லாம் சரியான வரலாறு. ஆனால் தோட்டவெளியில் நண்பன் கதை சொல்லி முடித்ததும் சைவர் வாயைத் திறந்து, "அது சமயச் சண்டை இல்லை மச்சான், அரசியல்" என்று சொன்னால், அந்த வசனம் சரியாக இருந்தும் கொடுமையாகிவிடுகிறது. செத்தவர்களுக்கு அது அரசியல் அல்ல. அவர்கள் போர்த்துக்கேயனின் ஒற்றர்களாகச் சாகவில்லை. வேதத்தை விட மறுத்துச் செத்தார்கள் என்றுதான் அவர்களுடைய பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

மறுபக்கத்திலும் இதே வசனம் இருக்கிறது. பாலாவிக் கரையில் கதை கேட்ட கத்தோலிக்கர், "அந்தக் காலத்தில எல்லா அரசனும் கோயில் இடிச்சவன்தானே" என்பார். அவர் சமாதானம் சொல்வதாகத்தான் நினைக்கிறார். உன் கோயிலை மட்டும் குறிவைத்து இடித்ததாக எண்ணாதே என்பது அவர் பொருள். சைவர் கேட்பது: உன் துக்கத்தில் விசேஷம் ஒன்றுமில்லை. மன்னார் நண்பர்களுக்கிடையே மிக ஆழமாகத் தைக்கிற சொற்கள் கதையில் இல்லை, கதைக்குப் பிறகு வருகிற இந்தச் சமாதானத்தில்தான் இருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. கதை சொல்கிறவருக்குத் தன் சொல் நோகும் என்று தெரியாது. சமாதானம் சொல்கிறவரோ தான் நோவை ஆற்றுவதாகவே நம்புகிறார். அதனால் பின்னது திருத்த இன்னும் கடினம்.

வேண்டுமென்றே தாக்கியவர்களின் காலம் ஒன்று இருந்தது. 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் பாதிரிமாரின் துண்டுப்பிரசுரங்களும் அவற்றுக்கு நாவலரின் கண்டனங்களும் அச்சகத்திலிருந்து சுடச்சுட வந்தன. நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்க உதவியவர். எதிராளியின் நூலை வரிவரியாக அறிந்து அடித்தவர். அந்தச் சண்டையில் யார் யாரை நோகச் செய்தார் என்பதில் ஐயமே இல்லை. நாம் பேசுகிற காயம் அந்த இனத்தைச் சேர்ந்ததல்ல. இது ஒரே மேசையில் பிளேன்ரீ குடிப்பவர்கள், ஒருவர் வீட்டுச் செத்தவீட்டில் மற்றவர் பந்தல் போடுகிறவர்கள் தமக்குள் உண்டாக்கிக்கொள்வது.

பேச்சில் ஆறாத நோவு எங்கே போய் முடியும் என்பதை 2019இல் பார்த்தோம். மார்ச் 3ஆம் திகதி, சிவராத்திரிக்கு முதல் நாள், திருக்கேதீச்சரத்துக்குத் திரும்பும் வீதியில் அலங்கார வளைவை அமைக்கும் வேலை நடந்தபோது கத்தோலிக்கர் சிலர் வந்து அதைப் பிடுங்கி எறிந்தார்கள். நந்திக்கொடி காலடியில் கிடந்த காட்சி கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தது. வளைவு நின்ற இடத்துக்கு அருகே மாந்தை லூர்து மாதா ஆலயம் இருக்கிறது. காணி பற்றியும் வளைவு பற்றியும் இரு தரப்புக்கும் முன்பிருந்தே முரண்பாடு இருந்தது. காணிப் பிரச்சினையை நீதிமன்றம் தீர்க்கட்டும். விழா நாளுக்கு முன்தினம் இன்னொருவர் கொடியைத் தரையில் வீழ்த்தியது பிழை. அதற்கு எந்தக் காணி உறுதியும் விடையாகாது. அந்தக் கிழமை மன்னாரில் எத்தனையோ நண்பர்கள் ஒருவரை ஒருவர் அழைக்காமல் இருந்தார்கள். அழைத்தவர்களும் மழையைப் பற்றியும் பிள்ளைகளின் சோதனையைப் பற்றியும் கதைத்தார்கள். ஏழு கிழமை கழித்து உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்தன; நாட்டின் பார்வை முழுக்க முஸ்லிம்கள் மேல் திரும்பியது. மாந்தைக் காயத்தைப் பற்றிப் பேசவேண்டியவர்கள் பேசாமலே விட்டுவிட்டார்கள்.

இந்த இரண்டு கதைகளிலும் அடிபடுகிற மண் ஒன்றே என்பதை நான் இங்கே சொல்லியாக வேண்டும். கோயில் இடிந்து சுமார் நூறு வருடத்தில் அதே மாந்தையிலிருந்து கத்தோலிக்கர் ஓடினார்கள். 1658இல் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்தபின் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள், குருமார் துரத்தப்பட்டார்கள். 1670இல் மாந்தைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் இருபது தங்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போயின. அவர்கள் போய்ச் சேர்ந்த இடம்தான் மடு. 1687இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகளார் கூலியாளைப்போல் வேடமிட்டு வந்து இறங்கும்வரை இலங்கையில் அவர்களுக்குப் பூசை வைக்க ஒரு சுவாமிகூட இல்லை. கோயிலை இழந்தவர் கேதீச்சரச் சைவர் மட்டும் அல்லர். தங்கள் கோவிலை விட்டு இரவோடிரவாகப் போனவர் மாந்தைக் கத்தோலிக்கரும்தான். அந்தச் சைவரும் அந்தக் கத்தோலிக்கரும் ஒரே குடிகளின் பிள்ளைகள். வேதத்தில் சேர்ந்த மாந்தைக் குடும்பத்தின் பூட்டன் கேதீச்சரத்தில் தேங்காய் உடைத்திருப்பான். தோட்டவெளியில் வெட்டுண்டவர்களுக்குச் சைவராகவே இருந்துவிட்ட அண்ணன் தம்பியும் இருந்திருப்பார்கள். அப்படியானால் இடிந்த கோயில் கத்தோலிக்கருக்கும் இழப்பு. 600 உயிர் சைவருக்கும் இழப்பு. நண்பர்களுக்குள் இந்தக் கதைகள் தைக்கக் காரணம், இரண்டையும் நாம் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டதுதான்.

பங்கு எங்கே போடப்படுகிறது என்று தேடிப் பார்த்தால், பாடசாலையிலும் ஒரு விடை கிடைக்கிறது. இலங்கையில் சமயம் கட்டாயப் பாடம். ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தை மட்டுமே படிக்கும். மணி அடித்ததும் ஒரே வகுப்புப் பிள்ளைகள் எழுந்து பிரிகிறார்கள்: சைவநெறிக்கு ஓர் அறை, கத்தோலிக்கத்துக்கு ஓர் அறை, இஸ்லாத்துக்கு ஓர் அறை. நாற்பது நிமிடம் கழித்து மறுபடி ஒரே வாங்கில் வந்து உட்காருகிறார்கள். நட்புக்கு அதனால் குறைவில்லை. ஆனால் அந்த அறைகளிலும், பின்னர் வீட்டிலும், ஆலயத்திலும் கேட்ட கதையை மற்ற அறையிலிருந்து வந்த நண்பனுக்கு எப்படிச் சொல்வது என்று எவரும் சொல்லித் தரவில்லை. நாற்பது வயதில் சிவராத்திரிக்கோ திருவிழாவுக்கோ போன இடத்தில் அந்தக் கதை வாயிலிருந்து வரும்போது, அறைக்குள் கேட்ட அதே குரலில் வருகிறது.

பேசாமல் விட்டுவிடலாமா? பலர் அதைத்தான் செய்கிறார்கள். "சமயமும் அரசியலும் வேண்டாம் மச்சான்" என்பது மன்னாரில் பல நட்புகளின் காவல். அதை நான் குறைவாக மதிக்கவில்லை. பல நட்புகள் அதனால்தான் போரைத் தாண்டி வந்தன. ஆனால் நண்பனுக்குத் தன் முன்னோரின் சாவையோ தன் கோயிலின் இடிவையோ சொல்லமுடியாத நட்பு அரைநட்பு. 2019 போல் ஒரு நாள் வந்தால் அது தாங்குவதில்லை.

என் யோசனை வேறு. கொலை நடந்தது பிழை என்பதைச் சைவர் சொல்லட்டும். அரசன் ஏன் அஞ்சினான் என்பதைக் கத்தோலிக்கர் சொல்லட்டும். கோயில் இடித்தது அநியாயம் என்பதைக் கத்தோலிக்கர் சொல்லட்டும். அதே பறங்கியின் வேதத்தை நம்பியவர்கள் ஒல்லாந்தனிடம் பட்ட பாட்டைச் சைவர் சொல்லட்டும். ஒரே வசனம் யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து மருந்தாகவோ நஞ்சாகவோ ஆகிறது. "அதில் அரசியலும் இருந்தது" என்று கத்தோலிக்கர் சொன்னால் அது பெருந்தன்மை. சைவர் சொன்னால் தட்டிக்கழிப்பு. 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் உரோமையில் திருச்சபையின் பிள்ளைகள் செய்த பிழைகளுக்காகப் பகிரங்கமாக மன்னிப்பு வேண்டினார். பிற சமயத்தவருக்குச் செய்த தீங்கும் அதில் அடக்கம். அது உரோமையில் நடந்தது. பாலாவிக் கரையில் நிற்கும் குரூஸ் அதை நினைவில் வைத்துக்கொண்டு, "எங்கட பேரில அது நடந்தது, அது அநியாயம்" என்று தானாகச் சொன்னால், பக்கத்தில் நிற்கும் சைவருக்கு வேறு ஒன்றும் தேவைப்படாது. ஆனால் அதை அவரிடமிருந்து கேட்டு வாங்கக் கூடாது. கேட்டு வாங்கினால் அது தண்டம்.

இது கைகூடும் என்று நம்ப எனக்கு ஒரு காரணம் உண்டு. இந்த இரண்டு நண்பர்களும் ஒரே பக்கத்தில் நிற்க நேர்கிற மூன்றாவது கதை மன்னாரில் இருக்கிறது. 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை, சுமார் 75,000 பேரை, வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டிக் குடும்பங்கள் கரையில் காத்துக் கிடந்து வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போயின. புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. போர் முடிந்தபின் திரும்பி வந்த முஸ்லிம் நண்பர் அதைச் சொல்கிறார்: "உடுத்த உடுப்போட போகச் சொன்னவங்கள்." சொல்லும்போது அவர் எதிரில் இருக்கும் சைவரையும் கத்தோலிக்கரையும் குற்றம் சாட்டவில்லை, தன் வாழ்க்கையைச் சொல்கிறார். கேட்கிற இருவருக்கும் ஒரே நேரத்தில் தைக்கிறது. சைவரின் வாயிலும் கத்தோலிக்கரின் வாயிலும் ஒரே விடை ஆயத்தமாக இருக்கிறது: "அது புலிகள் செய்தது, நாங்கள் இல்லை." பறங்கி செய்தது, நான் இல்லை, சங்கிலி செய்தது, நான் இல்லை என்பதன் மறுபதிப்பு அது. உண்மைதான், பலர் அன்று அழுதுகொண்டு வழியனுப்பினார்கள். ஆனால் முஸ்லிம் நண்பருக்கு அந்த விடை எப்படிக் கேட்கும் என்பதை அறிய இவர்கள் இருவரும் வேறெங்கும் போகத் தேவையில்லை. ஒருவர் தோட்டவெளியிலும் மற்றவர் பாலாவிக் கரையிலும் தாங்களே அந்த விடையை நண்பனிடமிருந்து வாங்கிக்கொண்டவர்கள்.

இங்கே வேறுபாடும் பெரிது. 1544க்கும் கோயில் இடிந்ததற்கும் சாட்சி சொல்ல ஆள் இல்லை. 1990ஐப் பார்த்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். வள்ளத்தில் ஏறியவரும் இருக்கிறார், கரையில் நின்று பார்த்தவரும் இருக்கிறார். காணிகள் இன்னும் முழுதாகத் தீர்ந்தபாடில்லை. பிள்ளைகளின் பதிவு புத்தளத்திலா மன்னாரிலா என்ற இழுபறி பல குடும்பங்களுக்கு உண்டு. ஆகவே எது அநியாயம் என்பதைத் தாமாக வாய்திறந்து சொல்லவேண்டிய கடமை இதில் சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் சேர்த்தே வருகிறது. அதோடு காணி எல்லையைக் காட்டிச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிற கடமையும் வருகிறது. மன்னார்ப் பாடசாலைகள் சுற்றுலா போகும்போது மூன்று சமய வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே பஸ்ஸில் ஏற்றி, தோட்டவெளிக் கதையைச் சைவநெறி ஆசிரியரும், கேதீச்சரக் கதையைக் கத்தோலிக்க சமய ஆசிரியரும், எருக்கலம்பிட்டிக் கரையில் 1990ஐ இந்த இருவரும் சேர்ந்தும் சொல்லலாம். முஸ்லிம் ஆசிரியர் கேட்டுக்கொண்டு நிற்கட்டும். பிழையாகச் சொன்னால் திருத்தட்டும்.